உயிர்காக்கும் முதலுதவி: கற்றலும் மறவாதிருத்தலும்

ஊராட்சியின் கடமைகள் யாவை என்று கேட்டால், குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுகாதாரம் என்று நம் உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்லுவர். இவையெல்லாம் மதிப்பீடு தயாரித்து, தீர்மானம் நிறைவேற்றி, நாள் குறித்துச் செய்யத்தக்க பணிகள். நாள் குறிக்க இடங்கொடாத பணி ஒன்றும் உண்டு. வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரெனச் சாய்கின்றார், தட்டி அழைத்தால் விழிக்கவில்லை, மூச்சும் இல்லை. அவருடைய இதயம் நின்றுவிட்டது. அக்கணம் முதல் மூளைக்கு இரத்தம் செல்வதில்லை. நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதுபடத் தொடங்கும். பத்து நிமிடம் யாதும் செய்யாது கழியுமாயின், அதன் பின்னர் எத்துணைத் தேர்ந்த மருத்துவராலும் செய்யத்தக்கது சொற்பமே.

அந்தப் பத்து நிமிடத்திற்குள் மருத்துவர் வந்து சேரத்தக்க கிராமங்கள் மிகச் சிலவே. 108 ஊர்தி 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கி வருகின்றது. அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆயினும் அழைப்பைப் பெற்று, இடம் விசாரித்து, தார்ச்சாலையினின்று வண்டிப்பாதையில் திரும்பி அது வந்து சேர நேரம் ஆகத்தான் செய்யும். ஆதலின் அந்த இடைவெளி யாருடைய பொறுப்பு என்பதற்கு விடை ஒன்றேதான்: அருகில் நிற்பவர் எவரோ, அவருடையது.

அருகில் நிற்பவர் செய்யவேண்டிய முதலுதவியை மருத்துவர்கள் இதய நுரையீரல் மீட்பு என்பர், சி.பி.ஆர். என்ற எழுத்துச் சுருக்கமே வழக்கில் மிகுதி. இதற்கு மருந்து வேண்டா, கருவி வேண்டா, பள்ளிப் படிப்பும் வேண்டா. இரு கைகளும், ஒருமுறை கற்ற பயிற்சியும் இருந்தால் ஆகும் என்று பலர் எழுதுகின்றனர். ஒருமுறை கற்ற பயிற்சி போதாது என்பதே என் கருத்து. கற்றது சில மாதங்களில் கைவிட்டு நழுவிவிடுகின்றது. அது நழுவாதிருக்க ஊராட்சிகள் செலவின்றிச் செய்யத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. அதனைச் சொல்லுவதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. எனினும் செய்முறையை முதலில் விளக்குவது முறையாகும்.

மின்பொறியாளர் கண்ட வழி

இக்கலை தோன்றிய வரலாறு, மோட்டார் வைத்துப் பாசனம் செய்யும் விவசாயிகள் அறிந்திருக்கத்தக்கது. நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் பொருத்தி மூச்சு ஊதுமாறு பாரிஸ் நகரத்து அறிவியல் கழகம் 1740-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. 1767-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நீரில் மூழ்கியோரை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. இவ்வாறிருந்தும், மூழ்கியவரைப் பீப்பாயின்மேல் கிடத்தி உருட்டும் வழக்கமும் அந்நாளைய ஐரோப்பாவில் இருந்துவந்தது. நம் ஊர்களில் பிள்ளையைத் தலைமேல் வைத்துச் சுற்றுவதை எண்ணி நாம் மட்டும் வெட்கப்பட வேண்டுவதில்லை.

மார்பை வெளியிலிருந்து அழுத்தும் முறையோ மிகப் பிற்காலத்தது. வில்லியம் கௌவன்ஹோவன் என்பார் மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர். மின்கம்பிகளில் வேலை செய்யும் தொழிலாளர் அதிர்ச்சியால் இறப்பது மின்சார நிறுவனங்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்வு கொடுத்தே சீராக்க இயலுமா என்று அவர் ஆராய்ந்து வந்தார். அந்த ஆராய்ச்சியின்போது, நாயின் மார்பின்மேல் மின்தகடுகளை அழுந்த வைத்த அளவிலேயே அதன் இரத்த அழுத்தம் சற்று உயர்வதை அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர் கவனித்தார். ஜூட் என்னும் அறுவை மருத்துவரும் உடன் சேர, மூவரும் 1960-ஆம் ஆண்டில் இம்முறையை உலகிற்கு வெளியிட்டனர். அதுகாறும் மார்பைக் கீறித் திறந்து இதயத்தைக் கையாற் பிசைவதே மருத்துவமனைகளில் வழியாக இருந்தது. அதை வயல்வெளியில் எவர் செய்யக்கூடும்? அதே காலத்தில் பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர் மூச்சு ஊதும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். பயிற்சிக்கென மனித உருவப் பொம்மையை நார்வே நாட்டுப் பொம்மை வணிகர் ஆஸ்முண்ட் லேர்டால் செய்தளித்தார். மருத்துவரின் அறையிலிருந்த வித்தை சாதாரண மனிதனின் கைக்கு வந்தது இவ்வாறுதான்.

நம் ஊரில் நடப்பது

எமது ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியில் நிகழ்ந்ததைச் சொல்லுகின்றேன். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொட்ட விவசாயி ஒருவர் தூக்கியெறியப்பட்டு விழுந்தார். மின்சாரத்தை உடனே நிறுத்திவிட்டனர்; அந்த மட்டில் விவேகமாகவே நடந்துகொண்டனர். கூடியவர் பதினைந்து பேர் இருப்பர். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் துண்டால் விசிறினார். கை கால் வெட்டியிழுப்பது கண்டு, வலிப்பு என்று கருதி ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். வேறொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். கார் ஒன்றைக் கொணர்ந்து பின்னிருக்கையில் மடக்கிக் கிடத்தி, பதினொரு கிலோமீட்டர் கொண்டுசென்றனர். அங்கே மருத்துவர் பார்த்துவிட்டு, உயிர் பிரிந்து நேரமாயிற்று என்றார். அந்தப் பதினைந்து பேரில் எவரும் அன்பில் குறைந்தவர் அல்லர், சோம்பியிருந்தவரும் அல்லர். ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் செய்தனர். மார்பை அழுத்தவேண்டும் என்பது மட்டும் அவர்களுள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதில் கவனிக்கவேண்டியவை பல. இதயம் நின்ற தொடக்கத்தில் கை கால் சற்று நேரம் வெட்டியிழுப்பதுண்டு. அதனை வலிப்பென்று கொண்டு இரும்பைத் தேடுவது பொழுதை வீணாக்கும். வலிப்பே ஆயினும் இரும்பினால் பயன் யாதும் இல்லை என்பது வேறு செய்தி. இன்னொன்று மிக முக்கியமானது. நின்ற இதயத்தினர் சிலர் ஓரிரு நிமிடம் வாயைத் திறந்து, விட்டு விட்டு, பெருமூச்சுப் போல இழுப்பர். ‘இழுத்துக்கொண்டு கிடக்கிறது, உயிர் இருக்கிறது’ என்று சூழ நிற்போர் ஆறுதல் கொள்வர். அது மூச்சன்று. நீரினின்று எடுத்த மீன் வாய் பிளப்பது போன்ற அந்த இழுப்பைக் கண்டால், மூச்சு நின்றுவிட்டது என்றே கொண்டு அழுத்தத் தொடங்கவேண்டும். சுயநினைவற்றவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது அறவே கூடாது; அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

‘தூக்கு, வண்டியிற் போடு’ என்பது நம் மக்களின் முதல் சொல். பாம்புக்கடிக்கும் பிரசவ வேதனைக்கும் அது சரியே. இதயம் நின்றவருக்கு அது பெருந்தவறாய் முடியும். ஓடும் காரின் பின்னிருக்கையில் ஒருவரை மல்லாத்திக் கிடத்தி ஒழுங்காக மார்பை அழுத்த எவராலும் ஆகாது. விழுந்த இடமே சிகிச்சைக்குரிய இடம், அங்கேயே அழுத்திக்கொண்டிருக்கவேண்டும், ஊர்தி அவ்விடத்திற்கு வரவேண்டும். பயிற்சிகளில் இதனை ஏற்கச் செய்வதுதான் எமக்கு மிகக் கடினமாக இருக்கின்றது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தீர்களே என்று உறவினர் பின்னர் பழிப்பாரோ என்னும் அச்சம் அதற்குக் காரணம் என்று கருதுகின்றேன்.

மார்புவலி, வியர்வை, இடதுகைக் குடைச்சல் ஆகியவற்றோடு நினைவாக இருப்பவரின் நிலை வேறு. அஃது மாரடைப்பு, இதயம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. அவர் மார்பை அழுத்தலாகாது. உட்காரவைத்து, 108-ஐ அழைத்து, விரைவில் மருத்துவம் கிடைக்கச் செய்தல் வேண்டும். இத்தகையோருக்கு முதல்வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அளிப்பதற்காக 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. மாரடைப்பு முற்றி இதயம் நின்றுபோமாயின், அப்போதே அழுத்துதல் வேண்டும்.

செய்யும் முறை

முதலில் அணுகுவோர் தம் பாதுகாப்பை நோக்குதல் வேண்டும். பின்னர் தோளைத் தட்டி உரக்க அழைத்துப் பார்க்கவேண்டும். அசைவில்லையாயின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்கு மேற்படாமல் நோக்குக. நாடி பார்த்து நேரம் போக்க வேண்டா. பழக்கமில்லாதவர் விரலுக்குத் தம் நாடியே தட்டுப்படுவதுண்டு. மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காத்திருக்கலாம். இல்லையேல், ஒருவரைப் பெயர் சொல்லி விளித்து 108-க்குப் பேசச் செய்க. ‘யாராவது போன் பண்ணுங்கள்’ என்றால் எவரும் செய்யார். தனியே இருப்பவர் கைப்பேசியின் ஒலிபெருக்கியைத் திறந்து தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே அழுத்தலாம்.

கிடத்தும் இடம் கெட்டியான தரையாக இருத்தல் வேண்டும். கயிற்றுக் கட்டிலிலும் மெத்தையிலும் அழுத்தினால், மார்பு அமுங்குவதற்கு மாறாகக் கட்டில் அமுங்கும். ஆதலின் உடனே கீழே இறக்கிவிடுக. மார்பின் பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியை, அதாவது மணிக்கட்டை ஒட்டித் திரண்டுள்ள பகுதியை, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நடுவில் வைக்கவேண்டும். இதயம் இடப்பக்கம் என்று எண்ணி இடப்புறம் நகர்வதும், கீழே நழுவி வயிற்றுக்குழியில் அழுத்துவதும் வழக்கமான பிழைகள். மறுகையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்க. முழங்கைகள் மடங்காது நேராக நிற்க, தோள்கள் கைகளுக்கு நேர்மேலே வர, உடற்பாரத்தால் அழுத்தவேண்டும். மாவு பிசைவதுபோல் முழங்கையை மடக்கி மடக்கி அழுத்தினால் ஒரு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். மார்பும் போதிய அளவு இறங்காது.

வளர்ந்தவருக்கு மார்பு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்கவேண்டும், ஆறுக்கு மேற்படவேண்டுவதில்லை. ஏறக்குறைய இரண்டு அங்குலம் என்று கொள்க. வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் பாரத்தை முழுதும் விட்டு, மார்பு பழைய நிலைக்கு எழும்ப இடங்கொடுக்கவேண்டும். கை மட்டும் இடம் பெயரலாகாது. இதன் காரணத்தை அடிபம்பைக் கொண்டு விளக்கினால் எவரும் புரிந்துகொள்வர். கைப்பிடியை முழுதும் ஏறவிடாமல் அரைகுறையாக அடித்தால் தண்ணீர் நூலாகத்தான் விழும். மார்பு முழுதும் எழும்பும்போதுதான் இதயத்தில் இரத்தம் நிறைகின்றது. நிறைந்தாலன்றி அடுத்த அழுத்தத்தில் மூளைக்குச் செல்ல ஏதுமிராது.

இது களைப்பு மிக்க வேலை. களத்தில் நாள் முழுதும் உழைப்பவரும் இரண்டு நிமிடத்தில் வேகம் குறைவர். ஆகவே இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்வது நலம். மாறும்போது இடைவெளி சில நொடிக்கு மேல் நீடிக்கலாகாது. அழுத்தும்போது விலாவெலும்பு முறியும் ஒலி கேட்பதுண்டு. அஞ்சி நிறுத்திவிடக்கூடாது, முறிந்த எலும்பு கூடும். ஊர்தி வந்து பணியாளர் பொறுப்பேற்கும் வரையிலோ, அவர் தாமே மூச்சுவிட்டு அசையும் வரையிலோ தொடர்ந்து செய்யவேண்டும். இரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் தானாகவே அதிர்வு கொடுக்கும் கருவிகள் வைக்கப்படுகின்றன; அத்தகையது கிட்டுமாயின் அது சொல்லுகின்றபடியே செய்தல் வேண்டும்.

மூச்சு ஊதவேண்டுமா என்று பலரும் கேட்பர். திடீரென விழுந்த பெரியவர்களுக்கு, பயிற்சி குறைந்தவர்கள் மார்பை அழுத்துவது மட்டுமே செய்தாற் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் முயற்சியால் 2017-இல் வெளியிடப்பெற்ற பொதுமக்களுக்கான நெறிமுறையும் இதனையே கூறுகின்றது. ஆயினும் நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு முதலில் நின்றது மூச்சு. அதன் பயனாகவே பின்னர் இதயம் நிற்கின்றது. ஆகையால் மோவாயைத் தூக்கித் தலையைச் சற்றே பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, மார்பு எழும்புமளவு இரண்டு முதல் ஐந்து முறை ஊதிவிட்டு, பின்னர் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று மாறி மாறிச் செய்தல் வேண்டும். ஊதத் தெரியாதவர் அழுத்துதலையாவது செய்க. சிறுபிள்ளைக்கு ஒரு கையே போதும். மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவேண்டும். கைக்குழந்தையாயின் மார்பை இரு கைகளாலும் சூழப் பிடித்து, இரு கட்டைவிரல்களால் நான்கு சென்டிமீட்டர் அளவு அழுத்தவேண்டும். கிணற்றினின்று எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும், தலைமேல் வைத்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் உடனே கைவிடத்தக்கவை. வயிற்று நீர் வெளிவருவதால் பிழைப்பு இல்லை. அந்நீர் நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்தே மிகுதி.

கிராமத்திற்கே உரிய வேறு சில எச்சரிக்கைகளும் உள. மின்சாரம் தாக்கியவரை, மெயின் சுவிட்சை நிறுத்தாமலோ ஃபியூஸ் கட்டையைப் பிடுங்காமலோ தொடலாகாது. அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பியாயின், மின்வாரியத்தார் வந்து நிறுத்தும் வரை கிட்டவே செல்லவேண்டா. பன்றிக்கென இடும் மின்வேலி சட்டத்திற்குப் புறம்பானது என்பதைத் தனியே சொல்லவேண்டுவதில்லை. பூச்சிமருந்து அருந்தியவரின் வாயில் வாய் வைத்து ஊதினால் நஞ்சு ஊதுபவரையும் சாரும். அவருக்கு அழுத்துதல் மட்டுமே செய்க. கட்டுவிரியன் கடித்தவருக்கு நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்துவதால், ஊதத் தெரிந்தவர் இருப்பின் ஊதுதல் பெரிதும் பயன்படும். பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி மயங்கியவரை மீட்க மற்றொருவர் இறங்குவது, பின் அவரை மீட்க மூன்றாமவர் இறங்குவது என்று ஒரே வீட்டில் பல உயிர் போன செய்திகளை நாம் செய்தித்தாள்களில் படித்துக்கொண்டே இருக்கின்றோம். அங்கே முதலுதவி என்பது இறங்காதிருத்தலும், தீயணைப்புத் துறையை அழைத்தலுமே.

கை மறக்கும் கலை

இனி முதலிற் குறித்த செய்திக்கு வருவோம். நீச்சலும் மிதிவண்டியும் ஒருமுறை பழகினால் மறப்பதில்லை. இப்பயிற்சி அவ்வகையினது அன்று. நீச்சலை நாம் அடிக்கடி செய்கின்றோம். மார்பை அழுத்தும் வாய்ப்போ வாழ்நாளில் ஒருமுறை வந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பயிற்சி பெற்றவர்களைத் திரும்பச் சோதித்த ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளாகவே செயல்திறன் குறையத் தொடங்குவதை அவை காட்டுகின்றன. சான்றிதழ்கள் பெரும்பாலும் இரண்டாண்டுக்குச் செல்லுபடியாகின்றன. கைத்திறன் அதுவரை காத்திருப்பதில்லை. ஆண்டுக்கொரு நாள் முழுநாள் வகுப்பு நடத்துவதைவிட, அடிக்கடி சில நிமிடம் செய்து பழகுவதே நிலைக்கும் என்பது இப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து.

எமது ஒன்றியத்தில் மகளிர் குழுவினர்க்கு நடந்த பயிற்சியில் அனைவரும் நன்றாகவே செய்தனர். ஐந்து மாதம் கழிந்தபின் அவர்களையே மீண்டும் செய்துகாட்டச் சொன்னபோது, எண்ணிக்கையும் 108-உம் நினைவிருந்தன. ஆனால் பலரது கைகள் வயிற்றுப்பக்கம் இறங்கியிருந்தன, வேகமும் பாதியாகிவிட்டது. ஒருவர் மட்டும் பிசகாமல் செய்தார். எங்ஙனம் என்று கேட்டதற்கு, வீட்டில் தம் பிள்ளைகளுக்குத் தலையணையை வைத்து மாதந்தோறும் சொல்லிக்கொடுப்பதாகக் கூறினார்.

இதனை ஊர் முழுமைக்கும் ஏற்பாடாக்குவது எப்படி? தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகின்றது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்நாள்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மிகக் குறைந்தது 30 நாள். மிக நீண்டது மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் இடைப்பட்ட 106 நாள். அதாவது கை மறக்கத் தொடங்கும் காலத்தை ஒட்டியோ அதற்கு முன்னரோ அடுத்த கூட்டம் வந்துவிடுகின்றது. வேறொரு நோக்கத்திற்காக அமைந்த நாள்கள் இதற்கு இத்துணைப் பொருத்தமாக வாய்த்திருப்பதை நாம் பயன்படுத்திக்கொள்ளாதிருப்பது அழகன்று. கூட்டம் தொடங்குமுன், உறுப்பினர்கள் வந்து சேரும்வரை கழிகின்ற அந்தப் பத்து நிமிடமே போதும். அப்பத்து நிமிடம் எல்லா ஊர்களிலும் தாராளமாகக் கிடைக்கின்றது என்பதை அனுபவமுடையோர் அறிவர்.

முதற்பயிற்சி மட்டும் முறையாக நடைபெறல் வேண்டும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ, 108 பணியாளரையோ, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியையோ அணுகிப் பொம்மை கொண்டு கற்பிக்கச் செய்க. பின்னர் புதுப்பித்தலுக்குப் பொம்மை தேவையில்லை. பஞ்சு இறுகத் திணித்த தலையணை இரண்டைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டினாற் போதும். நல்ல உடலுள்ள மனிதர் மார்பில் பழகிப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. வேகத்தை அளக்க ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும்: முப்பது அழுத்தம் பதினைந்து முதல் பதினெட்டு நொடிக்குள் முடியவேண்டும். பதினைந்துக்கு முன் முடித்தால் அவசரம். இருபதைத் தாண்டினால் மந்தம். நம் ஊர்களில் மந்தமே மிகுதியாகக் காணப்படுகின்றது. ஒருவர் செய்ய மற்றவர் பார்த்திருப்பது பயிற்சியாகாது. ஒவ்வொருவரும் மண்டியிட்டு ஒரு நிமிடமாவது அழுத்தவேண்டும்.

யாரை முதலில் சேர்ப்பது? மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர், நியாயவிலைக் கடைப் பணியாளர், டிராக்டர் ஓட்டுநர், மோட்டார் பழுது பார்ப்போர், பால் சங்கத்தார் என எப்போதும் ஊரில் இருப்போரைச் சேர்க்க. எல்லாவற்றிற்கும் மேலாக மகளிரைச் சேர்க்க. இதயம் நிற்பது மிகுதியும் வீட்டிலேயே நிகழ்வது. பகற்பொழுதில் வீட்டில் இருப்போர் பெரும்பாலும் பெண்களே. விழுந்தவர் பெண்ணாக இருந்தால் ஆடவர் மார்பில் கைவைக்கத் தயங்குவர் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தயக்கத்தை ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துவைப்பது தலைவரின் வேலை. புடவையை அகற்ற வேண்டுவதில்லை. கை வைக்கும் இடம் மார்பெலும்பே அன்றி வேறன்று. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களும் நன்கு கற்பர்.

வழக்கில் சிக்கிக்கொள்வோமோ என்னும் அச்சம் பலருக்கும் உண்டு. சாலை விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்சநீதிமன்றம் 2016-இல் சட்டவலு அளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134-ஏ பிரிவில் அதனை உறுதிப்படுத்தியது. விபத்தல்லாத பிற நிகழ்ச்சிகளிலும், பேச இயலாத நிலையிலுள்ள ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த செயல் குற்றமாகாது என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளது. இவற்றைக் கிராம சபையில் படித்துக்காட்டுவது நல்லது.

மற்றொரு தயக்கம், ‘நாம் அழுத்தியும் போய்விட்டால்?’ என்பது. போய்விடக்கூடும், எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை என்பதை மறைத்துப் பயிற்சி கொடுப்பது நேர்மையன்று. ஆனால் யாதும் செய்யாதபோது பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்திற்கு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைந்துகொண்டே செல்லுகின்றது. அழுத்தும்போது அவ்வேகம் பாதியளவாகத் தணிகின்றது. டென்மார்க் நாட்டில் 2005-இல் தொடக்கப்பள்ளிகளிலும், அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் பெறுவோர்க்கும் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கினர். அருகிலிருந்தோர் முதலுதவி தொடங்கிய நிகழ்ச்சிகள் 2001-இல் நூற்றுக்கு 21 ஆக இருந்தவை 2010-இல் 45 ஆயின. அதே காலத்தில் முப்பது நாள் கடந்து உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 3.5-இலிருந்து 10.8 ஆக உயர்ந்தனர். வேறு சீர்திருத்தங்களும் அங்கே நடந்தன என்பது உண்மையே. எனினும் மும்மடங்கு என்பது சிறிதன்று.

ஊராட்சி அலுவலகத்தார் உடன்செய்ய வேண்டுவன சில. பயிற்சி பெற்றோர் பெயரும் கைப்பேசி எண்ணும் அவர்தம் இசைவோடு தெருவாரியாக எழுதி அலுவலகச் சுவரிலும், நியாயவிலைக் கடையிலும் ஒட்டுக. புதூர், பாளையம் என்ற பெயர்கள் ஒரே மாவட்டத்தில் பலவாக இருப்பதால், 108-க்குப் பேசுவோர் ஊராட்சி, ஒன்றியம், அருகிலுள்ள கோயில் அல்லது ஏரிக்கரை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லப் பழகவேண்டும். ஒரு பிள்ளையைத் தார்ச்சாலை முகப்புக்கு அனுப்பி நிறுத்துவதும் வழக்கமாக வேண்டும். புதுப்பித்தலில் கலந்துகொண்டோர் பெயரைத் தனிக் குறிப்பேட்டில் செயலர் எழுதிவருவாராயின், இருமுறை வராதவர் யார் என்பது தானே தெரியும்.

மே 1-ஆம் நாள் கூட்டம் பள்ளி விடுமுறையில் வருவதால், அன்று நீரில் மூழ்கியோருக்கான முறையைச் சிறப்பாகப் பழகுக. அதற்கடுத்த நீண்ட இடைவெளியின் நடுவே, ஜூலை மாதத்தில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் ஒரு தடவை சேர்த்துக்கொள்வது நலம். காவிரிப் பாசனப் பகுதிகளில் அணை திறக்கப்பட்டு வாய்க்கால்களில் புதுநீர் ஓடும் காலம் அது. பிள்ளைகள் நீரில் இறங்குவர்.